பூசாரிக்கு ஒரு பட்டம்

என் வீட்டுக்காரர் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மைசூரில் எங்கள் காலனி மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. இரண்டில் எது முதல் வேலை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காலை ஐந்து மணிக்கு அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, சேலை கட்டி, கற்பூரம் காட்டிவிட்டு, ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பார். சூப்பர்வைசர் திட்டும்போதுகூட நெற்றியில் குங்குமம் அழியாமல் இருக்கும். அதனால் திட்டு கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்பார்.

கோயிலைத் தொடங்கியவர் என் மாமனார். மகாதேஸ்வர மலைக்குப் போகும் வழியில் உள்ள ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, ஆடி மாசம் கூழ் ஊற்றினார். பிறகு கல்லுக்குக் கூரை வந்தது, கூரைக்குச் சுவர் வந்தது, சுவருக்கு டைல்ஸ் வந்தது, டைல்ஸுக்குக் கமிட்டி வந்தது. கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டைப் அடிக்கிறேன். கல்யாணம், கிருகப்பிரவேசம், காதுகுத்து, பதினாறாம் நாள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் அடிப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையைச் செய்ததில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. மனுஷனுக்குப் பேர் பிழையாக வந்தால் மன்னிப்பான். பேருக்கு முன்னால் வருவது பிழையானால் மன்னிக்க மாட்டான்.

ஒரு தடவை ஒரு மடத்துப் பத்திரிகையில் மூன்று ஸ்ரீ போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டேன். மடத்திலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். தாளை என் மேஜைமேல் வைத்து, விரலை ஊன்றி, "இன்னொந்து ஸ்ரீ எல்லம்மா?" என்று கேட்டார். இன்னொரு ஸ்ரீ எங்கே என்று, வீட்டில் நகை காணாமல் போன குரலில். பத்திரிகை அத்தனையும் திரும்ப அடித்தோம். அதற்குப் பிறகு சாமியார்களின் ஸ்ரீயை நான் கண்ணால் எண்ணுவதில்லை, விரல் வைத்து எண்ணுகிறேன்.

போன வருஷம் எங்கள் கோயிலுக்கு முன்னால் புது மண்டபம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு ஒரு மடத்துச் சுவாமிஜி வருவதாக ஒப்புக்கொண்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து கமிட்டித் தலைவர் தரையில் நடக்கவில்லை. அவர் வீட்டுமனை வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவர். எதைப் பார்த்தாலும் முகப்பு அகலம் எத்தனை என்றுதான் முதலில் பார்ப்பார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, பத்திரிகை மாதிரி ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க. கன்னடம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம்."

நான் மறுநாளே அடித்துக் கொடுத்தேன். மேலே சுவாமிஜி, 'திவ்ய சாந்நித்யம்' என்ற தனி வரியோடு. அதற்குக் கீழே எம்.எல்.ஏ. அதற்குக் கீழே கார்ப்பரேட்டர். அதற்குக் கீழே கமிட்டி. 'பூஜை: கோயில் பூசாரி' என்று என் வீட்டுக்காரர் பெயரைக் கடைசி வரிக்கு முந்தின வரியில் போட்டிருந்தேன்.

தலைவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"எல்லாம் சென்னாகிதே, நல்லா இருக்கு அக்கா. இந்தப் 'பூசாரி'தான் இடிக்குது."

"அவர் பூசாரிதானே?"

"பூசாரிதான். நாம யாரு இல்லைன்னு சொன்னோம்? ஆனா பாருங்க, மேல மூணு ஸ்ரீ இருக்கு. கீழ பூசாரி. பக்கத்து ஏரியா கணபதி கோயில் பத்திரிகை பாத்தீங்களா? அவங்க ஐயருக்கு 'வேதமூர்த்தி'ன்னு போட்டிருக்காங்க. நம்ம கோயில்னா மட்டும் இளப்பமா? நல்லதா ஒரு பட்டம் போடணும்."

அந்த வாரம் கமிட்டி கூடியது. பத்திரிகையைத் திருத்தி எழுத வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். எதற்குக் கூட்டம் என்று அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. விளக்கெண்ணெய் விஷயம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

'குருக்கள்' என்றார் பொருளாளர். டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். செயலாளர் அதை மறுத்தார். இவர் அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்திலும் ஒரு ஆட்சேபணை எழுதாமல் கையெழுத்துப் போட்டதில்லை. "குருக்கள்னா அதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. நாளைக்கு யாராவது மனு கொடுத்தா யார் பதில் சொல்றது?"

'அர்ச்சகர்' என்றது ஒரு குரல். "அது கவர்மெண்ட் கோயில் சம்பளப் பட்டியல்ல வர்ற பேரு" என்று செயலாளர் அதையும் தள்ளினார். 'சிவாச்சாரியார்' என்றார் இன்னொருவர். மாரியம்மனுக்கு ஏன் சிவாச்சாரியார் என்று கேள்வி வந்தது. 'சக்தியாச்சாரியார்' என்று போடலாமே என்று பதில் வந்தது. அப்படி ஒரு சொல் உண்டா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டைப் அடிப்பவளுக்கு எல்லாச் சொல்லும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. "நான் அடிச்சதில்லை" என்றேன்.

"சுவாமிஜின்னே போட்டா என்ன?" என்று பொருளாளர் கேட்டதும், தலைவர் கையை உதறினார். "அய்யோ பேடா, வேண்டாம்! சுவாமிஜி வர்ற விழாவுல இன்னொரு சுவாமிஜியா? அவர் காரைத் திருப்பிடுவாரு. அதுவும் இல்லாம, சம்சாரம் இருக்கே." அங்கே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னவோ நான்தான் குறுக்கே படுத்திருப்பது போல.

கடைசியில் 'அடிகளார்' என்ற சொல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. தமிழ்நாட்டுக்குப் போய் வந்த யாரோ ஒருவர் சொன்னார். சுத்தத் தமிழ், சம்ஸ்கிருதம் கலக்கவில்லை, யார் ஜாதிக்கும் சொந்தமில்லை, சொல்லும்போது வாய் நிறைகிறது என்று நாலு நல்ல காரணமும் கூடவே வந்தது. கைதட்டினார்கள். செயலாளர் மட்டும் பேனாவை மூடாமல், "அர்த்தம் என்ன?" என்றார்.

"அடின்னா உதைதானே?" என்றார் பொருளாளர். "இல்ல, அடிக்கணக்கு. நாற்பதுக்கு அறுபது சைட்னா அடிதானே?" என்றார் தலைவர். அர்த்தம் தெரியாமல் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற முடியாது என்று செயலாளர் அடம் பிடித்தார். மேல்கோட்டையில் சம்ஸ்கிருதமும் தமிழும் படித்த ஒரு வித்வானை எனக்குத் தெரியும். அவர் பெண் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்தேன். போய்க் கேட்டு வருவது என் பொறுப்பு என்று தீர்மானம் ஆனது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏம் புள்ள, எனக்கு என்னமோ பேரு வெக்கறாங்களாட்டம் இருக்குதே?"

"ஆமாங்க. அடிகளார்னு."

"அப்ப விளக்கெண்ணெய் பத்தி ஆரும் பேசலையா?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி மேல்கோட்டை போனேன். மலையேறும்போது காது அடைத்துக்கொண்டது. வித்வான் வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை. அதில் அவர் பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் இரண்டு. என்னைவிட நாலைந்து வயசுதான் கூடுதலாக இருக்கும். பாடசாலையில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிறார், வீட்டில் அவர்கள் பழைய தமிழ் பேசுகிறார்கள். நான் போனபோது கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் வரவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சிலிண்டரை மறந்துவிட்டுச் சிரித்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. பட்டத்துக்கு அர்த்தம் கேட்டுண்டு ஒருத்தரும் வந்ததில்லே. பட்டம் கேட்டுண்டுதான் வருவா."

அவர் சொன்னதை நான் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. குரு என்பது ஒருமை. மரியாதைக்காகக் 'கள்' சேர்த்து ஒரு ஆளைப் பலபேர் ஆக்கியதுதான் குருக்கள். சுவாமி என்றால் சொத்துக்காரன், உடையவன். எல்லாவற்றையும் விட்டவனைப் போய் உடையவன் என்கிறோம். சர்ச்சில் ஃபாதர் என்றால் அப்பா. நம் ஊரில் பாதிரி என்பதும் அதே அப்பாதான், போர்த்துகீசியர் வாயால் சொன்ன அப்பா. கல்யாணமே செய்துகொள்ளாதவரை எல்லோரும் அப்பா என்கிறார்கள்.

"பட்டர்னா?" என்று கேட்டேன். அவர் வீட்டுப் பலகையிலேயே அது இருந்தது.

"பண்டிதர்னு அர்த்தம். ஆனா மைசூர்ல போய் 'பட்டரை வரச் சொல்லு'ன்னு சொல்லிப் பாருங்கோ. எத்தனை இலைக்குச் சமைக்கணும்னு கேப்பா." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"அடிகளார்?"

"அடின்னா பாதம். உங்க முகத்தைப் பாத்துப் பேச எனக்கு யோக்யதை இல்லே, உங்க காலோட பேசறேன்னு அர்த்தம். உங்க பக்கத்து மகாதேஸ்வர மலையிலே பூஜை பண்றவாளைத் 'தம்மடி'ங்கறாளே, அதுவும் இந்த அடிதான்னு சொல்லுவா. ஆனா ஒண்ணு கவனிக்கணும். அது கூப்பிடறவன் பணிவு. எதிராளிக்கு அதுலே ஒண்ணும் இல்லே. தானே தன் பேருக்கு முன்னாலே போட்டுண்டா, 'நான் ஒரு கால்'னுதான் அர்த்தம்."

"பூசாரிக்கு?"

"பூஜை பண்றவன் பூசாரி. அதுக்கு மேல்கோட்டைக்கு வரணுமா? அது வேலையைச் சொல்ற பேரு. வேலையைச் சொல்ற பேருக்கு எங்கேயும் மவுசு இல்லே."

புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னால் இந்தப் பேரையும் தள்ளிவிடுவார்கள். இன்னொரு கூட்டம், இன்னொரு பேர், இன்னொரு ஊர் என்று நான் அலைய வேண்டிவரும். அதோடு ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் தெருக்குழாயில், பக்கத்து வீட்டம்மா "என்னக்கா, இனிமே அடிகளாரம்மாவா?" என்று கேட்டபோது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

எனவே கமிட்டியில், "பாதம்னு அர்த்தம். ரொம்ப மரியாதையான சொல்" என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மை. செயலாளர் பேனாவால் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்: 'அடிகளார் என்பது பாதம் எனச் சபை அறிந்துகொண்டது.'

தமிழ்ப் பக்கத்தில் 'ஸ்ரீ அடிகளார்' என்று அடித்தேன். சுவாமிஜிக்கு மூன்று ஸ்ரீ என்பதால் இவருக்கு ஒன்று போதும் என்று தலைவரே அளந்து கொடுத்தார். எம்.எல்.ஏ.வுக்கு ஸ்ரீயோடு 'மான்ய' உண்டு. கன்னடப் பக்கத்தில் அதே 'அடிகளார்' என்பதைக் கன்னட எழுத்தில் அடித்தேன். கன்னடத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. இல்லாத சொல்லை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அதில் எனக்குத் தொழில் திருப்தி.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல். என் வீட்டுக்காரர் ஃபேக்டரி அடையாள அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப்போனார்கள். அதில் அவர் நீலச் சட்டையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஃப்ளெக்ஸில் சட்டைக்குப் பதில் காவித் துண்டு, கழுத்தில் யாருடையதோ உருத்திராட்சம், தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம். மூச்சு மட்டும் அதே மூச்சு. இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும். முதல் நாள் பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து எழுந்து கும்பிட்டார்களாம். அன்று சாயங்காலம் வந்து, "நாளைக்கு இருந்து அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கறேன்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் நான் பால் வாங்கப் போனபோது, அதே ஃப்ளெக்ஸுக்கு எதிரில் ரோட்டைத் தாண்டி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திறப்பு விழா நாள் வந்தது. காலை பத்தரைக்கு விழா. சுவாமிஜி பன்னிரண்டுக்கு வந்தார். சாமியானாவில் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சமையல். சமையல்காரர் கொள்ளேகாலைச் சேர்ந்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு, மார்பில் வெள்ளை முடி. அன்றைக்கு விசேஷம் என்று துவைத்த வேஷ்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். என் வீட்டுக்காரர் ஒல்லி. தலைவர் வாங்கிக்கொடுத்த காவிப் பட்டு அவர் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

நிகழ்ச்சியை நடத்தியது பொருளாளரின் மகள். காலேஜில் படிக்கிற பெண். எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் போல அதற்குக் கன்னடம் தண்ணீர் மாதிரி ஓடும், தமிழில் வீட்டுப் பேச்சுதான். படிக்க வேண்டிய தாளை அதுவே எழுதி வைத்திருந்தது. பத்திரிகையின் கன்னடப் பக்கத்தில் 'அடிகளார்' என்பதைப் பார்த்ததும், ஆன்ட்டி தப்பாக டைப் அடித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறது. நல்ல பெண். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, யாரிடமும் சொல்லாமல், தானே திருத்திவிட்டது. கன்னடத்தில் சமையலுக்கு 'அடிகே'. சமையல்காரருக்கு 'அடிகேயவரு'.

சுவாமிஜி ரிப்பன் வெட்டினார். எம்.எல்.ஏ. பேசினார். அடுத்தது சன்மானம். மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, சால்வை, மாலை, பழத்தட்டு எல்லாம் மேஜையில் இருந்தன. மைக்கில் அந்தப் பெண்ணின் குரல் அழகாக ஒலித்தது.

"ஈக நம்ம தேவஸ்தானத அடிகேயவரு வேதிகேகே பரபேகு!"

நம் கோயில் சமையல்காரர் மேடைக்கு வர வேண்டும் என்று அர்த்தம். நான் பெண்கள் வரிசையில் இருந்தேன். எனக்குச் சட்டென்று உறைத்தது. எழப் பார்த்தேன், நெருக்கத்தில் முடியவில்லை. என் வீட்டுக்காரர் மேடைக்குப் பக்கத்திலேயே, காவிப் பட்டைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார். அறிவிப்பைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு அவசரம் தெரிந்தது. மேடைப்படியில் ஏறவில்லை. திரும்பிக் கொட்டகையைப் பார்த்து ஓடினார்.

ஓடிப்போய் சமையல்காரரின் கையைப் பிடித்தார்.

"அண்ணா, உங்களைத்தான் கூப்பிடறாங்க! சீக்கிரம் வாங்க!"

"நன்னா?" என்றார் சமையல்காரர், கரண்டியோடு. "என்னையா? எதுக்குங்க?"

"மேடைக்கு. சால்வை போடறாங்க. சாமி காத்திருக்குது, வாங்கண்ணா."

தன் தோளில் இருந்த காவிப் பட்டாலேயே அவர் கையைத் துடைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். கரண்டியை வாங்கிக்கொண்டு அவரை முன்னால் தள்ளினார். பாயசம் அடிப்பிடித்துவிடுமோ என்று சமையல்காரர் திரும்பிப் பார்க்க, "நான் கிண்டறேன், நீங்க போங்க" என்று அங்கேயே நின்றுவிட்டார்.

சமையல்காரர் மேடை ஏறியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படி ஒரு உருவம், அப்படி ஒரு திருநீறு. சுவாமிஜியே ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் மட்டும் வாயைத் திறந்து மூடினார். எம்.எல்.ஏ. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்ல முடியும்? தலையில் பேட்டா ஏறியது. தோளில் சால்வை ஏறியது. சமையல்காரர் கண் கலங்கிப்போய், சுவாமிஜி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எத்தனை வருஷமா இந்தச் சேவை?" என்று சுவாமிஜி கன்னடத்தில் கேட்டார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பத்தைது வர்ஷ, புத்தி" என்றார் அவர். இருபத்தைந்து வருஷம். எங்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் மடத்துச் சாமியைப் 'புத்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவும் ஒரு பட்டம்தான். மேல்கோட்டையில் கேட்க மறந்துவிட்டேன்.

சுவாமிஜி பேசத் தொடங்கினார். ஆச்சாரம், சுத்தம், நெருப்பின் முன்னால் நிற்கும் தவம், தன் பசியை மறந்து பிறருக்காகச் செய்யும் தொண்டு என்று அரை மணி நேரம். "இவர் கை பட்டது பிரசாதம் ஆகிறது" என்றபோது ஜனம் கைதட்டியது. பூசாரிக்கென்று தயாரித்து வந்த பேச்சு. சமையல்காரருக்கு ஒரு வார்த்தைகூடப் பொருந்தாமல் இல்லை. உண்மையைச் சொன்னால், நெருப்பின் முன்னால் நிற்கும் இடம் இவருக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்தியது. இறங்கி வந்தபோது பெண்கள் வரிசையாக அவர் காலில் விழுந்தார்கள். அவர் பதறிப்போய், "ஊட்ட ரெடி இதெ, ஊட்ட மாடி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்தார். சாப்பாடு தயார், சாப்பிடுங்கள் என்கிறார். அதையும் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் கொட்டகைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் காவிப் பட்டுத் துணியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, வியர்வை வழிய, அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கூப்பிட்டது உங்களை."

"என்னையா?" கரண்டி நின்றது. "அடிகேன்னுதானே சொல்லுச்சு அந்தப் புள்ள?"

"அடிகளாரைத்தான் அப்படிச் சொல்லிருச்சு."

கரண்டியை மறுபடி அண்டாவில் விட்டுக் கிண்டினார். "எனக்கு என்னைன்னு தோணவே இல்ல புள்ள. பூசாரின்னு கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன்" என்றார். பிறகு, "அண்ணன் மூஞ்சியப் பாத்தியா? எத்தனை சந்தோசம்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்று பந்தியில் அவர் பாயசம் வாங்கிக்கொள்ளவில்லை. கிண்டிக் கிண்டி வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றார்.

மறுநாள் தலைவர் எங்கள் கடைக்கே வந்து குதித்தார். "அக்கா, நீங்க கன்னடத்துல என்ன அடிச்சீங்க?" நான் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். என் எழுத்தில் பிழை இல்லை. பொருளாளர் மகள்மேல் பழி சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. கடைசியில், "அந்தச் சமையல்காரர் ஏன் ஏறினாரு?" என்று அவர்மேல் திருப்பினார். சமையல்காரர் ஏற்கெனவே பேட்டாவையும் சால்வையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். ஊரில் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பையைத் திருப்பிக் கையில் கொடுத்து, "சாமி உங்களுக்குத்தான் போட்டுது, நானா போட்டேன்?" என்று அனுப்பிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துக் கமிட்டி கூடியது. நடந்ததைச் சரிசெய்ய வேண்டும் என்று தலைவர் சொன்னார். கன்னடத்திலும் தமிழிலும் குழப்பம் வராத புதுப் பட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சின்னதாக இன்னொரு விழா வைத்து, பூசாரிக்கு முறையாகக் கொடுத்துவிடலாம். பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். செயலாளர் பேனாவைத் திறந்தார். நான் மேல்கோட்டை பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். கமிட்டியில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பூசாரின்னே இருக்கட்டுமுங்க. எங்கப்பாவுக்கும் அதான் பேரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது பூசாரி, கோயில் மரியாதை..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"மரியாதைன்னா ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க, கேளுங்க."

"உக்கார ஒரு சேர் போடுங்க."

எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. மற்றவர்கள் எல்லோரும் வட்டமாக நாற்காலியில் இருந்தார்கள். எனக்குக்கூட ஒன்று போட்டிருந்தார்கள். அவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். முந்தின கூட்டத்திலும் நின்றிருக்க வேண்டும். அதற்கு முந்தின கூட்டங்களிலும். அவருடைய பட்டத்தை நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நான் உட்பட, யாரும் அதைப் பார்க்கவில்லை.

செயலாளரே எழுந்துபோய் மண்டபத்து மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளிலிருந்து ஒன்றை உருவினார். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. உதறிப் பிரித்து, ஒன்றைத் தலைவருக்கும் பொருளாளருக்கும் நடுவில் போட்டார். என் வீட்டுக்காரர் துண்டால் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தார். நுனியில் இல்லை, முதுகு சாய உட்கார்ந்தார்.

"நெக்ஸ்ட்?" என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல்.

"விளக்கெண்ணெய் தீந்துபோச்சுங்க" என்றார் பூசாரி.